ஐரோப்பாவில் ஆன்லைன் கடை: அணுகல் சட்டத்துக்கு விட்ஜெட்டா, ஆடிட்டா, சொந்தக் கைவேலையா?

பெர்லினில் இருந்து அரிசியும் மசாலாவும் விற்கும் கடை, லண்டனில் இருந்து பாரிஸ் வாடிக்கையாளருக்குப் புடவை அனுப்பும் கடை, இவற்றுக்குக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து தளம் எழுதிக்கொடுக்கும் டீம் என மூன்று தரப்புக்கும் இப்போது ஒரே கேள்விதான். ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம், அதாவது 2019/882 என்ற எண்ணுள்ள ஒன்றிய ஆணை, 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. பார்வையற்றவர், மவுஸ் பிடிக்க முடியாதவர், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர் என யார் வந்தாலும் பொருளைத் தேடி, கூடையில் போட்டு, பணம் கட்டி முடிக்கும்படி கடை இருக்க வேண்டும். இதற்கு எந்த வழியில் காசைப் போடுவது?

விற்பனைக்கு வரும் வழிகள் நான்கு: ஒரு வரி ஸ்கிரிப்டாக ஒட்டும் ஓவர்லே விட்ஜெட்; தானியங்கிச் சோதனைக் கருவிகளை வைத்துச் சொந்த டீமே சரிசெய்வது; வெளி நிபுணரிடம் முழு ஆடிட்; தளத்தையே புது பிளாட்ஃபார்முக்கு மாற்றுவது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் வழிக்குக் காசு தர வேண்டாம். மற்ற மூன்றில் எது என்பதைக் கடையின் அளவையும் பட்ஜெட்டையும் விட, செக்அவுட் பக்கத்தின் கோடு (நிரல்) யார் கையில் இருக்கிறது என்பதுதான் அதிகம் முடிவு செய்யும்.

சட்டம் உங்களைத் தொடுகிறதா

பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும், ஆண்டு விற்றுமுதல் அல்லது இருப்புநிலைக் கணக்கு 20 லட்சம் யூரோவைத் தாண்டாத நிறுவனம் குறுநிறுவனம். சேவை வழங்கும் குறுநிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆன்லைன் விற்பனை சேவைதான். குடும்பமாக நடத்தும் பல தமிழ்க் கடைகள் இதற்குள் அடங்கிவிடும். பத்தாவது ஆளை வேலைக்கு எடுத்ததும் விலக்கு போய்விடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை எந்த நாட்டில் பதிவானது என்பது தப்பிக்கும் வழி ஆகாது. லண்டனோ சூரிச்சோ ஒன்றியத்துக்கு வெளியே இருக்கலாம். ஒன்றியத்து நுகர்வோருக்கு விற்றால் சட்டம் பொருந்தும். நிறுவனங்களுக்கு மட்டும் விற்கும் மொத்த வியாபாரத் தளம் இதில் வராது.

'2030 வரை டைம் இருக்கிறது' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2030 ஜூன் 28 வரையான சலுகை, சேவை தருவதற்கு ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த கருவிகளுக்கும், 2025 ஜூன் 28-க்கு முன் போட்ட சேவை ஒப்பந்தங்களுக்கும்தான். தினமும் விலை மாறி, மாதம் ஒருமுறை தீம் மாறும் இணையக் கடை அந்தக் கூடாரத்துக்குள் நுழைய முடியாது.

தண்டனை நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் அபராதம் 1,00,000 யூரோ வரை போகலாம். மேற்பார்வைக்காக மாநிலங்கள் சேர்ந்து மாக்டெபுர்க்கில் ஓர் அலுவலகம் வைத்திருக்கின்றன. அயர்லாந்தில் 60,000 யூரோ அபராதத்தோடு 18 மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. பிரான்சில் அதிகாரிகள் வருவதற்கு முன்பே, 2025 ஜூலையில், மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் நான்கு பெரிய மளிகைச் சங்கிலிகளுக்குச் சட்ட நோட்டீஸ் அனுப்பிவிட்டன. புகார் எங்கிருந்து வரும் என்பதற்கு இது நல்ல முன்னறிவிப்பு.

அளவுகோல் எது? ஆணை எந்தத் தரநிலையையும் நேரடியாகப் பெயர் சொல்லவில்லை. நடைமுறையில் எல்லோரும் கையில் எடுப்பது ஈ.என். 301 549 என்ற ஐரோப்பியத் தரநிலையை. அதன் 3.2.1 பதிப்பு இணையப் பக்கங்களுக்கு டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பில் ஏ, ஏஏ நிலைகளைக் கேட்கிறது. மொத்தம் 50 விதிகள். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு அடுத்த ஐரோப்பியத் தரநிலைக்குள் வரப்போகிறது. அதனால் அதில் இரண்டை இப்போதே செய்துவிடுவது புத்திசாலித்தனம்: தொடும் இடம் எதுவும் 24-க்கு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது, பாஸ்வேர்டு, ஓடிபி பெட்டிகளில் பேஸ்ட் செய்வதைத் தடுக்கக் கூடாது.

ஓவர்லே: ஏன் வேலைக்கு ஆகாது

பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலி ஐகானோடு தொங்கும் அந்தப் பட்டன்தான் ஓவர்லே. அமுக்கினால் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும், 'ஸ்க்ரீன் ரீடர் மோடு' என்று ஒன்றைக் காட்டும். மாதக் கட்டணம் குறைவு, ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம். முதலாளிக்குப் பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை.

கோளாறு எங்கே என்றால், அது வேலை செய்யும் இடத்தில்தான். பக்கம் முழுதும் இறங்கிய பிறகு, பிரவுசரில் இருக்கும் பிரதியை அது தடவிப் பார்த்து ஊகத்தில் லேபிள் போடுகிறது. கூடையில் பொருள் சேர்ந்ததும் பக்கத்தின் பாதி மீண்டும் வரையப்படும். போட்ட லேபிள் காணாமல் போகும். பேமென்ட் பெட்டி வேறொரு டொமைனில் இருந்து ஐஃப்ரேமாக, அதாவது பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கமாக, வருவதால், பிரவுசரின் பாதுகாப்பு விதி ஓவர்லேயை அதற்குள் விடவே விடாது. கடையில் மிக முக்கியமான இடத்தில் அது வெளியே நிற்கிறது. மொபைல் ஆப்பும் பிடிஎஃப்பும் அதன் எல்லையிலேயே இல்லை.

பார்வையற்றவர் ஏற்கெனவே தன் கணினியில் என்விடிஏ, ஜாஸ் போன்ற ஒரு ஸ்க்ரீன் ரீடரை, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் வாசிப்பானை, வைத்திருக்கிறார். வேகம், குரல், குறுக்குவிசை எல்லாம் அவர் கைக்குப் பழகியவை. தளம் தன் பங்குக்கு இன்னொரு வாசிப்பானைக் கொண்டுவந்தால் இரண்டும் மோதும். சில ஓவர்லேக்கள் ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவரைக் கண்டுபிடித்து அந்தத் தேர்வைச் சேமித்தும் வைக்கும். ஒருவரின் ஊனத்தைக் காட்டிக்கொடுக்கும் தகவல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் என்ற வகைக்குள் வரக்கூடியது. ஒரு சட்டத்துக்காக ஒட்டிய ஸ்கிரிப்ட் இன்னொரு சட்டத்தில் மாட்டிவிடும்.

ஐரோப்பிய ஊனமுற்றோர் மன்றமும் சர்வதேச அணுகல் வல்லுநர் சங்கமும் 2023 மே மாதம் கூட்டறிக்கை விட்டே சொல்லிவிட்டன: ஓவர்லே ஒரு தளத்தைச் சட்டத்துக்கு இணங்க வைக்காது. மனிதக் கை படாமலேயே முழு இணக்கம் என்ற விளம்பரம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதே ஐரோப்பிய ஆணையத்தின் நிலைப்பாடும். அமெரிக்காவில் 2025-இல் இப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் வணிக ஆணையத்துக்கு 10 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

தானியங்கிக் கருவிகள்: மலிவு, அவசியம், போதாது

பக்கத்தைத் தானாக ஆராய்ந்து பிழை சொல்லும் ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் மூன்றும் இலவசமாகவே கிடைக்கும். உலகின் 10 லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் வெப்எய்ம் ஆய்வில், 2025-இல் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் கருவி கண்டுபிடிக்கும் அளவுக்கே பிழை இருந்தது. கண்டுபிடித்த பிழைகளில் 96 விழுக்காடு ஆறே வகை: மங்கிய எழுத்து, படத்துக்கு மாற்று உரை இல்லாமை, படிவத்தில் லேபிள் இல்லாமை, வெற்று லிங்க், வெற்றுப் பட்டன், பக்கத்தின் மொழியைக் குறிக்காமை. ஒரு டெவலப்பர் ஒரு வாரத்தில் இவற்றில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல் எழுத்து, பின்னணியோடு 2.85 நிற வேறுபாட்டு விகிதம் மட்டுமே தரும், தேவை 4.5. அதை 767676 ஆக்கினால் 4.54. டிசைனர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியுமோ என்னவோ, வயதானவர் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் இதன் எல்லை குறுகியது. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் குழு 2017-இல் 140-க்கும் மேற்பட்ட தடைகளை வேண்டுமென்றே வைத்து ஒரு பக்கம் கட்டி, கருவிகளை அதன்மேல் ஓட்டிப் பார்த்தது. மிகச் சிறந்த கருவியும் பாதியைத் தொடவில்லை. காரணம் எளிது: மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும், அந்த உரை 'ஐஎம்ஜி 2043' என்று இருந்தாலும் டிக் போட்டுவிடும். மெனு மூடியிருக்கும் நிலையில் ஓட்டினால் மெனுவுக்குள் இருக்கும் பிழை வராது. எனவே லைட்ஹவுஸில் 100 வாங்கியதைக் கிளையண்டுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது எதையும் நிரூபிக்காது. பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் சோதனைக்குள் ஆக்ஸைக் கோத்து, மெனு திறந்த பிறகு ஒன்று, கூடை நிரம்பிய பிறகு ஒன்று, படிவத்தில் பிழை காட்டிய பிறகு ஒன்று என ஒவ்வொரு நிலையிலும் ஓட்டினால்தான் அதற்குப் பயன்.

சொந்தக் கைவேலை: செக்அவுட்டில் இருந்து தொடங்குங்கள்

கோடு உங்கள் கையில் இருந்தால் முதல் யூரோவை இங்கே போடுவதுதான் சரி. தேடல், பொருள் பக்கம், கூடை, செக்அவுட், ஆர்டர் உறுதி ஆகிய ஐந்து பக்கங்கள் போதும். வலைப்பதிவும் 'எங்களைப் பற்றி'யும் பிறகு வரட்டும்.

முதலில் மவுஸைப் பிடுங்கிவிட்டு டேப், ஷிஃப்ட்-டேப், என்டர், ஸ்பேஸ், எஸ்கேப், அம்புக்குறிகளை மட்டும் வைத்து ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் குக்கி பேனரிலேயே சிக்கும்: ஃபோகஸ், அதாவது கீபோர்டு இப்போது நிற்கும் இடம், பேனருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், பேனரோ திரையில் நிற்கும். உலாவியின் சொந்த டயலாக் எலிமென்ட்டை மோடலாகத் திறந்தால் பின்பக்கம் தானாகவே பூட்டிக்கொள்ளும், எஸ்கேப் மூடும். கையால் எழுதிய டிவ் பாப்அப்பில் இந்த இரண்டையும் நீங்கள்தான் எழுத வேண்டும், பலர் எழுதுவதில்லை.

அடுத்து, 1280 பிக்சல் அகலமுள்ள விண்டோவை 400 விழுக்காடு பெரிதாக்குங்கள். அது 320 பிக்சல் அகலத்துக்குச் சமம். பக்கவாட்டில் ஸ்க்ரோல் வரக் கூடாது. மேலே ஒட்டிக்கொள்ளும் ஹெடரும் கீழே ஒட்டிக்கொள்ளும் 'கூடையில் சேர்' பட்டையும் சேர்ந்து திரையில் முக்கால்வாசியைத் தின்றுவிடுவதை இங்கேதான் பார்ப்பீர்கள். உயரம் குறையும்போது ஒட்டுவதை நிறுத்தும் ஒரு மீடியா குவெரி போதும்.

மூன்றாவது, என்விடிஏ. விண்டோஸில் இலவசம். எச் விசை தலைப்புகளுக்குத் தாவும், பி பட்டன்களுக்கு, எஃப் படிவப் பெட்டிகளுக்கு. என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் பட்டியல் வரும். மானிட்டரை அணைத்துவிட்டுச் செய்வது நல்லது, கண் ஏமாற்றும். அளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு குறிகளும் 'பட்டன், பட்டன்' என்று மட்டும் கேட்டால் பெயர் இல்லை என்று அர்த்தம். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வட்டங்கள் டிவ்வாக, அதாவது தனக்கென அர்த்தம் இல்லாத வெறும் பெட்டியாக, இருந்தால் ஒன்றுமே கேட்காது. அவற்றை ரேடியோ பட்டனாக மாற்றி, பட்டனைக் கண்ணுக்கு மறைத்து, லேபிளை வட்டமாக வரையுங்கள். டிவ்வின்மேல் ஏரியா-லேபிளை (வாசிப்பானுக்கு மட்டும் கேட்கும் பெயரை) ஒட்டி ஒப்பேற்ற வேண்டாம். ரோல் (இது பட்டனா, லிங்கா என்று சொல்லும் குறிப்பு) இல்லாத டிவ்வில் அந்தப் பெயரைப் பல வாசிப்பான்கள் கண்டுகொள்வதே இல்லை.

அதிகம் தப்பிப்போகும் பிழை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'கூடையில் சேர்' அமுக்கியதும் மேல் மூலையில் எண் 1 ஆகிறது. பார்ப்பவருக்குப் புரியும், கேட்பவருக்கு நிசப்தம். அவர் மீண்டும் அமுக்குவார், மூன்று மூட்டை அரிசி ஆர்டர் ஆகும். இதற்கு ஸ்டேட்டஸ் ரோல் உள்ள ஒரு பெட்டி வேண்டும் என்பது பல டெவலப்பர்களுக்குத் தெரியும். தெரியாதது வரிசைதான்: பெட்டியையும் செய்தியையும் ஒரே நேரத்தில் பக்கத்துக்குள் போட்டால் பல வாசிப்பான்கள் அதைப் படிக்காது. வெற்றுப் பெட்டி பக்கம் இறங்கும்போதே இருக்க வேண்டும். செய்தியைப் பிறகு அதற்குள் எழுத வேண்டும். ரியாக்ட் போன்றவற்றில் நிபந்தனை வைத்துப் பெட்டியையே வரைவதும் மறைப்பதும் பழக்கம் என்பதால் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும்.

செக்அவுட்டில் பார்க்க வேண்டியவை வேறு. பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு, தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். அது லேபிள் ஆகாது. பெயர், தெரு, அஞ்சல் குறியீடு ஆகிய பெட்டிகளில் ஆட்டோகம்ப்ளீட் பண்பு வேண்டும். பிழை வந்தால் ஓரத்தைச் சிவப்பாக்கினால் போதாது. எந்தப் பெட்டி, என்ன தவறு என்று எழுத்தில் சொல்லி, ஃபோகஸை முதல் பிழைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறு எண்ணுக்கு ஆறு தனிப் பெட்டி வைக்கும் ஓடிபி வடிவத்தை விட்டுவிட்டு ஒரே பெட்டி வையுங்கள்.

தமிழ்க் கடைகளுக்கே உரிய இரண்டு. ஜெர்மன் பக்கத்தில் பொருளின் பெயரை 'இட்லி அரிசி' என்று தமிழிலும் எழுதுவது வழக்கம். அந்தத் துண்டின் மொழியைச் சொல்லும் லாங் பண்பில் தமிழ் என்று குறிக்காவிட்டால், பல ஜெர்மன் குரல்கள் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். குறித்தால் என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள், தமிழ்க் குரலுக்கு மாறிப் படிக்கும். இரண்டாவது, வாரச் சலுகைத் துண்டறிக்கையாக ஏற்றும் பிடிஎஃப். புலம்பெயர் கடைகளில் இது இன்னமும் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தயாராவது உண்டு. அதில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குத் தெரிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். ஸ்க்ரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு எந்தச் சரிசெய்தலும் பயன் தராது. பிடிஎஃப்பையே கைவிட்டுச் சலுகைகளைச் சாதாரணப் பக்கமாகப் போடுவது இன்னும் சுலபம்.

ஆடிட்: எப்போது, என்ன கேட்டு வாங்குவது

ஆடிட்டை முதலில் வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. எழுத்து மங்கல் என்று நாற்பது இடத்தில் எழுதித்தர நிபுணருக்கு நாள் கணக்கில் கட்டணம் எதற்கு? மேலே சொன்னதை முடித்த பிறகு, அடுத்த தீம் மாற்றத்துக்கு அவகாசம் இருக்கும் நேரத்தில் வாங்குங்கள். அறிக்கை வந்த மறுவாரம் தீம் மாறினால் அறிக்கை குப்பைக்குத்தான்.

கேட்க வேண்டியது: பிழைகளைப் பக்கவாரியாக இல்லாமல் உறுப்புவாரியாக. ஒரே பட்டன் முப்பது பக்கத்தில் இருந்தால் ஒரு பிழைதான், முப்பது அல்ல. ஒவ்வொன்றுக்கும் விதி எண், திரும்பச் செய்துகாட்டும் படிகள், எந்த வாசிப்பானின் எந்தப் பதிப்பு, திருத்தும் யோசனை. மறுசோதனை கட்டணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஸ்க்ரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்துபவர் ஒருவராவது சோதிப்பாரா என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரான்சில் ஆர்.ஜி.ஏ.ஏ. என்ற 106 அளவுகோல் கொண்ட முறை வழக்கம். இணக்கத்தை விழுக்காடாகச் சொல்லும். ஜெர்மனியில் பிட்வ் சோதனை. இரண்டும் ஒரே டபிள்யூ.சி.ஏ.ஜி.யில் இருந்து பிறந்தவைதான். இரண்டு நாட்டுக்கும் விற்பவர் இரண்டு ஆடிட் வாங்கத் தேவையில்லை, ஈ.என். 301 549 பிரிவு எண்களோடு ஒரே அறிக்கை போதும்.

பிளாட்ஃபார்ம் மாற்றம்

இது கடைசி வழி. செக்அவுட் உங்கள் கைக்கு எட்டாத வாடகை பிளாட்ஃபார்மில் இருந்து, அங்கே டேப் விசை வேலை செய்யாவிட்டால், விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஈ.என். 301 549-க்கான வீபேட் அறிக்கை, அதாவது எந்த விதியை எவ்வளவு நிறைவேற்றுகிறது என்று சொல்லும் படிவம், அதன் ஐரோப்பியப் பதிப்பில். 'ஓரளவு ஆதரிக்கிறது' என்ற சொல்லுக்கு எதிரே எழுதியிருக்கும் குறிப்பைப் படிப்பதுதான் முக்கியம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் யாரும் சோதிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். சரிசெய்யத் தேதி தராத நிறுவனத்தை விட்டு விலகுங்கள். புதுத் தளத்தின் தீம் நன்றாகவே இருக்கும். அதன்மேல் நீங்கள் ஏற்றும் விமர்சன பிளகினும் சாட் பெட்டியும்தான் கெடுக்கும். அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் மவுஸ் இல்லாமல் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள்.

யாருக்கு எது

விலக்குக்குள் வரும் சிறு கடைக்காரர் ஆறு வகைப் பிழைகளையும் மவுஸ் இல்லாச் சோதனையையும் செய்தாலே வியாபாரத்துக்கு லாபம், ஆடிட் வேண்டாம். பத்து முதல் ஐம்பது பேர் உள்ள, சொந்தக் கோடு வைத்திருக்கும் கடை: கைவேலை முதலில், பிறகு வாங்கும் வழிக்கு மட்டும் சிறிய ஆடிட். பல நாடுகளில் விற்று, ஆப்பும் வைத்திருக்கும் பெரிய கடை முழு ஆடிட்டைத் தவிர்க்க முடியாது. அதன் ஆண்டுக் கணக்கில் அது நிரந்தரச் செலவு. வாடகை செக்அவுட்டில் மாட்டியவர் தன் பக்கங்களைத் திருத்திக்கொண்டே பிளாட்ஃபார்மைக் கேள்வி கேட்க வேண்டும்.

செலவு தாங்காது என்று தப்பிக்க 'அளவுக்கு மீறிய சுமை' என்ற விதி உண்டு. அதை எடுப்பவர் செலவையும் பயனையும் கணக்குப் போட்டு எழுதி, அந்தக் கோப்பை ஐந்து ஆண்டு வைத்திருந்து, அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். நேரமோ அறிவோ இல்லை என்பது காரணமாகாது.

விலக்கு இல்லாத கடைக்கு, எந்த வழியில் போனாலும் ஒரு பக்கம் கட்டாயம்: சேவை எப்படி இயங்குகிறது, அணுகல் தேவைகளை எப்படி நிறைவேற்றுகிறது என்பதைப் பொது விதிமுறைகளிலோ அதற்கு இணையான பக்கத்திலோ எழுதி வைக்க வேண்டும். அந்தப் பக்கமும் வாசிப்பானில் படிக்கும்படி இருக்க வேண்டும். தெரிந்த குறைகளை அங்கேயே தேதியோடு எழுதுங்கள், புகார் அனுப்ப ஒரு மின்னஞ்சல் கொடுங்கள், அதைத் தினமும் திறந்து பார்க்க ஓர் ஆளை வையுங்கள்.

கோயம்புத்தூர் டீமுக்குக் கடைசியாக ஒன்று. சட்டப்படி பொறுப்பு கடைக்காரருடையது. ஆனால் அவர் அதை ஒப்பந்தத்தில் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். 'முழு இணக்கம்' என்று பொத்தாம்பொதுவாகக் கையெழுத்திடாதீர்கள். தரநிலையின் பதிப்பு எண், எந்தெந்தப் பக்கங்கள், எந்த பிரவுசரும் வாசிப்பானும் சேர்ந்த சோதனை, கடைக்காரரே ஏற்றும் படங்களுக்கும் பிடிஎஃப்புக்கும் யார் பொறுப்பு, மூன்றாம் தரப்பு பேமென்ட் பெட்டி யார் கணக்கில் என்பதெல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கட்டும்.